தினமும் குளிப்பாட்டியும் குதிரையின் முதுகு ஏன் புண்ணாகிறது?

கேள்வி: பினாங்கு பாலிக் பூலாவில் இருக்கிறோம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை மகளுக்காக வாங்கினோம். தினமும் மாலையில் கிருமிநாசினி சோப்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். இருந்தும் முதுகில் பொருக்குப் பொருக்காகக் கிளம்பி முடி கொட்டுகிறது. காலையிலும் குளிப்பாட்டி, தான் விற்கும் எண்ணெயைத் தடவச் சொல்கிறார் தரகர். செய்யலாமா?

பதில்: அந்த எண்ணெயைத் தொடாதீர்கள். காலைக் குளியலும் வேண்டாம். சோப்பை இன்றோடு நிறுத்துங்கள்.

பொருக்கு உள்ள இடத்தில் ஒரு கொத்து முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். அடியில் பொருக்கு ஒட்டியபடி, பெயிண்ட் பிரஷ் முனை மாதிரி கற்றையாகக் கையோடு வந்தால், அநேகமாக இது ஈரத்தால் வரும் தோல் நோய். டெர்மட்டோஃபைலஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. தோல் காய்ந்து நலமாக இருக்கும்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஊறி இளகிய தோலுக்குள் எளிதாகப் புகுந்துவிடும். நம் ஊர்க் காற்றில் மாலையில் நனைத்த குதிரை லேசில் காயாது. போதாக்குறைக்கு, தோலைக் காக்கும் எண்ணெய்ப் பசையையும் சோப்பு கழுவிவிடுகிறது.

மேலே எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, காற்றுப் படாத இடத்தில் கிருமி இன்னும் செழிக்கும். சிலர் மண்ணெண்ணெய்கூடக் கலக்கிறார்கள், அது தோலைப் பொசுக்கிவிடும். தரகருக்கு எண்ணெய் பிடிப்பதற்குக் காரணமே வேறு. விற்கும் நாளில் குளிப்பாட்டி எண்ணெய் தடவி நிறுத்தினால் குதிரை பளபளவென்று இருக்கும், பொருக்கு கண்ணில் படாது. ஆனால் கைக்குத் தெரியும். குதிரை வாங்கப் போகிறவர்கள் முடி படிந்த திசைக்கு எதிராக முதுகில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். மருத்துவக் குறிப்பைக் கேட்டால் "அப்புறம் தருகிறேன்" என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். 2015இல் விலங்கு நலச் சட்டம் இயற்றினார்கள், சரி. பந்தயத்தை விட்டு வெளியே வந்த குதிரை யார் கைக்குப் போகிறது, அதன்மேல் எதைப் பூசுகிறார்கள் என்று எத்தனை பேர் போய்ப் பார்க்கிறார்கள்? குதிரை பார்க்கத் தெரிந்த மருத்துவரைத் தேடி அலைவதற்குள், தரகரே மருத்துவராகிவிடுகிறார்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த ஷாம்பு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வெயில் ஏறிய பிறகு அதைப் பூசி 10 நிமிடம் ஊறவிட்டு, இளகிய பொருக்கை மட்டும் எடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் வலியில் உதைக்கும். நன்றாக அலசி, நீரை வழித்து, துண்டால் துடைத்து, காற்றாடி முன் நிறுத்துங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்லட்டும். பிரஷ்ஷும் சேணத் துணியும் வேறு குதிரைக்குப் போகக்கூடாது. புண் ஆறும்வரை சேணமே வேண்டாம்.

இதற்காகத் தண்ணீரே ஆகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெக்கையில் ஓடி மூச்சிரைக்க நிற்கும் குதிரைமேல், புண் இருந்தாலும், உடனே குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதை நம்பாதீர்கள். மூச்சு சீராகும்வரை விடாமல் ஊற்றுங்கள். நம்முடையதைப் போன்ற புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். இங்கேயே பல வருடம் ஓடிய குதிரைக்கும் இது வரும். உடம்பு நனையாததைப் பார்த்து, களைக்கவில்லை என்று மேலும் ஓட்டினால் உயிருக்கே ஆபத்து. தோல் காய்ந்திருக்க மூச்சு மட்டும் இரைத்தால், தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: குழாய் நீரை முதலில் முன்னங்காலில் விட வேண்டும், முகத்தில் பீய்ச்சக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சுதான் போட வேண்டும். கையுறை கட்டாயம். முடி வட்ட வட்டமாக உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், அது மனிதருக்கும் ஒட்டும். அப்படியானால் மருத்துவர் பார்க்கும்வரை அவளைக் குதிரைப் பக்கம் விடாதீர்கள்.