கம்பளத்து மணலும் தரைப் பிரஷும்

கேள்வி: எங்கள் வீடு பாலாற்றை ஒட்டி இருப்பதால், கோடையில் ஜன்னலைத் திறந்தாலே பொடிமணல் கூடத்துக்குள் வந்துவிடுகிறது. எங்களிடமுள்ள 1400 வாட் வேக்குவம் கிளீனர் டைல்ஸ் தரையை நன்றாகச் சுத்தம் செய்தாலும், கம்பளத்தில் மேல் தூசியை மட்டுமே எடுக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் அடியில் மணல் கொட்டிக் கிடக்கிறது. 2000 வாட் இயந்திரம் வாங்கும்படி கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். வாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவே தவிர, கம்பளத்திலிருந்து வெளியேறும் மணலின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் 900 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு உபயோக வேக்குவம் கிளீனர்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர அனுமதியில்லை. கம்பளம் விரித்த வீடுகள் மிகுந்த அந்த நாடுகளிலேயே அந்த அளவு போதுமென்றால், உங்கள் 1400 வாட்டைக் குறை சொல்வதற்கில்லை. பார்க்க வேண்டியது குழாயின் நுனியிலுள்ள தரைப் பிரஷை.

டைல்ஸ் நன்றாகச் சுத்தமாகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், என் முதல் சந்தேகம் பிரஷின் மேலுள்ள மிதிகட்டை மீதுதான். அதை ஒருபுறம் மிதித்தால் தூரிகை மயிர் வெளியே நீளும். அது டைல்ஸ், மொசைக் தரைகளுக்கான நிலை. அதே நிலையில் கம்பளத்தின் மேல் ஓட்டினால், நீண்டிருக்கும் மயிர் பிரஷின் அடித்தட்டைத் தூக்கிப் பிடிப்பதால், காற்று இழைகளுக்குள் இறங்காமல் பக்கவாட்டு இடைவெளி வழியாகவே நுழைந்து போய்விடுகிறது. மறுபுறம் மிதித்து மயிரை உள்ளே மடக்குங்கள். அதன்பின் பிரஷ் கம்பளத்தைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தால், கைப்பிடியில் உள்ள சிறிய காற்றுத் திறப்பை நகரும் அளவுக்கு மட்டும் திறந்தால் போதும். அந்தத் திறப்பு இப்போதே முழுவதும் திறந்து கிடக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; பல வீடுகளில் அது திறந்தபடியே கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்து அடைப்பு. பிரஷைக் கழற்றிவிட்டுக் குழாயின் நுனியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே இழுப்பு பலமாகவும், பிரஷை மாட்டியதும் பலவீனமாகவும் இருந்தால், அடைப்பு பிரஷின் கழுத்து வளைவில் இருக்கிறது; நம் வீடுகளில் அங்கே பெரும்பாலும் கொண்டை ஊசி ஒன்று குறுக்கே நிற்க, அதைச் சுற்றித் தலைமுடியும் பூச்சரத்து நாரும் பந்தாகச் சேர்ந்திருக்கும். குழாய் நுனியிலேயே இழுப்பு இல்லையென்றால் தூசிப் பையையும் பில்டரையும் பாருங்கள். பொடிமணலும் நுண்தூசியும் வரும் வீட்டில், பை பாதி நிறைவதற்குள்ளேயே அதன் துணி நுண்துளைகள் அடைபட்டுவிடக்கூடும்.

இவ்வளவு செய்தும், இழைகளின் அடியில் இறங்கிவிட்ட மணலை உறிஞ்சுவதால் மட்டும் எடுத்துவிட முடியாது. முதலில் அது அசைந்து மேலே வர வேண்டும். அமெரிக்காவில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் 1908இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் உறிஞ்சும் விசிறியோடு சுழலும் பிரஷையும் சேர்த்ததன் பயன் இதுதான். காற்றின் விசையாலேயே சுழலும் ‘டர்போ பிரஷ்’ தனியாகக் கிடைக்கிறது. 32, 35 மில்லிமீட்டர் குழாய்களே அதிகம் என்பதால், உங்கள் குழாயை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். ஆனால் வளைய இழைக் கம்பளத்திலும், கையால் முடிச்சிட்ட கம்பளத்தின் ஓரக் குஞ்சங்களிலும் அதை ஓட்டக் கூடாது, இழையைப் பிய்த்துவிடும்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு, அதை முதலில் செய்து பார்ப்பதே நல்லது. கம்பளத்தை மொசைக் தரையில் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கத்தில் பிரஷை அழுத்தி நிதானமாக ஓட்டுங்கள். அந்த அதிர்வில் மணல் தரையில் உதிர்ந்துவிடும். தரையைக் கூட்டிவிட்டுக் கம்பளத்தை நிமிர்த்திப் போட்டு, முன்னே தள்ளுவதைவிடப் பின்னே இழுப்பதை மெதுவாகச் செய்து, நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் ஓட்டுங்கள். பிரஷின் இரு ஓரங்களிலும் இழுப்பு குறைவு என்பதால், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் சற்றே ஏறி வர வேண்டும். அவசரமாக முன்னும் பின்னும் தேய்ப்பது கைவலிக்கு மட்டுமே உதவும்.

கேள்வி: கம்பளத்தின் வாடை போகச் சமையல் சோடாவைத் தூவி வேக்குவம் கிளீனரால் எடுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: எப்போதாவது, கொஞ்சமாகத் தூவலாம். அது மிக நுண்ணிய தூள் என்பதால் பில்டரை விரைவில் அடைத்துவிடும். எடுத்து முடித்த உடனே பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கம்பளம் ஈரமாக இருந்தால் தூவவே வேண்டாம். இழைகளோடு இறுகிப்போனால் எந்தப் பிரஷாலும் எடுக்க முடியாது.