பாலைவனத் தூசி கடல் தாண்டுவது எப்படி? கேள்வி பதில்

சஹாரா மணல் எப்படி அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறக்கிறது?

முதலில் ஒரு திருத்தம். பறப்பது மணல் இல்லை, தூசி. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும். மணல் துகள் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதற்கும் மேல். காற்று தூக்கினாலும் கொஞ்ச தூரம் தத்தித் தத்திப் போய்த் தரையில் விழும். ஆனால் விழும்போது தரையை இடிக்கிறதே, அந்த இடியில்தான் மண்ணோடு ஒட்டிக்கிடந்த நுண்துகள் உடைந்து கிளம்புகிறது. கோடை வெயிலில் சஹாராவின் காற்று 5 கிலோமீட்டர் உயரம் வரைகூடக் கலங்கி எழும், தூசியும் கூடவே போகும். கரையைத் தாண்டியதும் கடலை ஒட்டியிருக்கும் குளிர்ந்த ஈரக்காற்றுக்கு மேலே இந்த வறண்ட சூடான அடுக்கு ஏறிக்கொண்டு, கிழக்கிலிருந்து வீசும் காற்றோடு ஒரு வாரத்துக்குள் கரீபியனைத் தொட்டுவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும், 5 கிலோமீட்டர் விழ அதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். 1 மைக்ரான் துகள் தானாக விழ வருடக்கணக்காகும், அதை மழைதான் கழுவி இறக்குகிறது.

மணல்குன்றுகள்தானே இதற்கு மூலம்?

இல்லை. காய்ந்துபோன ஏரிப் படுகைகள். சாட் நாட்டின் போடெலே பள்ளம் பெயர்போனது. பழைய மாபெரும் ஏரி ஒன்றின் அடிமண் அது, டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் மண்டிக் கிடக்கும், லேசானவை. திபெஸ்தி, எனெடி மலைகளுக்கு நடுவே நெருக்கிப் பாயும் காற்று அதை அள்ளுகிறது.

தூசி வரும் நாளில் என் ஆஸ்துமா மருந்தைக் கூட்டலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சஹாரா மணல்தான் அமேசான் காட்டுக்கு உரமாமே?

தூசி. அமேசான் படுகையில் ஆண்டுக்குச் சராசரியாக 2.8 கோடி டன் விழுகிறது, அதில் பாஸ்பரஸ் 22,000 டன் அளவுக்கு இருக்கும் என்று 2015-இல் ஒரு ஆய்வு சொன்னது. மழை அடித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸை இது ஏறக்குறைய ஈடுகட்டுகிறது என்பதுதான் அதன் அழகு. ஆனால் அது 2007 முதல் 2013 வரை செயற்கைக்கோள் பார்த்ததன் சராசரி, வருடத்துக்கு வருடம் நிறைய மாறும். ஆப்பிரிக்காவில் எரியும் புல்வெளிகளின் புகையும் அமேசானுக்குப் பாஸ்பரஸ் கொண்டுவருகிறது. தூசி மட்டுமே காட்டை வாழவைக்கிறது என்று எழுதாதீர்கள்.

செயற்கைக்கோள் படத்தில் ஊருக்கு மேல் பழுப்புப் பட்டை. அங்கிருப்பவர்கள் சுவாசிப்பது அதைத்தானே?

மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாது. பட்டை 4 கிலோமீட்டர் மேலே போய்க்கொண்டிருக்கலாம். தரையில் உள்ள பிஎம்10 அளவை, அதாவது காற்றில் 10 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள்களின் அளவை, பாருங்கள்.

ஆசியப் பாலைவன மணலும் இப்படிப் போகுமா?

தூசி, தூசி. போகும். 2007 மே மாதம் சீனாவின் தக்லமக்கான் பாலைவனத்தில் கிளம்பிய தூசி சுமார் 13 நாளில் உலகையே ஒரு சுற்று சுற்றியது.

மணல் போகாது என்று அடித்துச் சொல்கிறீர்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 3,500 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் 0.45 மில்லிமீட்டர் துகள் கிடைத்ததே, அது என்ன?

நல்ல அடி. 2018-இல் வெளிவந்த முடிவு அது. மிதவைகளிலும் கடலுக்குள்ளும் வைத்த பொறிகளில் சிக்கியவை. அளவைப் பார்த்தால் அவை மணலேதான், ஒப்புக்கொள்கிறேன். எடையில் பெரும்பங்கு நுண்தூசிதான் என்பதில் மாற்றமில்லை, ஆனால் "போகவே போகாது" என்ற தொனி என் தவறு.

அப்படியானால் அது எப்படி மிதந்தது?

இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. அவ்வளவு பெரிய துகள் நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் விழும், 5 கிலோமீட்டரிலிருந்து தரைக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. பலத்த காற்று, அடுக்குக்குள் இருக்கும் கொந்தளிப்பு, துகள்களின் மின்னூட்டம், வழியில் இடிமேகங்கள் திரும்பத் திரும்ப மேலே தூக்குவது என்று நான்கு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. தனியாக எது ஒன்றும் போதாது, எனக்கு இடிமேகம் மேல்தான் சாய்வு. டார்வின்கூடக் கரையிலிருந்து 300 மைல் தள்ளி ஒரு கப்பலில் சேகரித்த தூசியில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் பெரிய கல்துகள் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அது 25 மைக்ரான்தான், நீங்கள் சொல்வது அதைப்போல் 18 மடங்கு.

சஹாரா மணல் எத்தனை நாளில் கரீபியன் போகும்?

முதல் பதிலைப் படியுங்கள்.