மேஜர் பாஸ், டிகிரி இல்லை: பட்டப்படிப்பின் பொதுப் பாடங்கள் பற்றிச் சில கேள்விகள்

ஒவ்வொரு முறை செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ஒரே மாதிரியான கேள்விகள் வந்து குவிகின்றன. மேஜரில் எண்பது, தொண்ணூறு என்று வாங்கிய பிள்ளைகள் இரண்டு கிரெடிட் பேப்பர் ஒன்றில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டம் என்பது ஐந்து பகுதிகள் சேர்ந்தது. பார்ட் ஒன் மொழி, பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்). பார்ட் ஃபோரில் சுற்றுச்சூழல் கல்வி (இ.வி.எஸ்.), விழுமியக் கல்வி, திறன் பாடங்கள், வேறு துறை விருப்பப் பாடம் (என்.எம்.இ.). பார்ட் ஃபைவில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. முதல் நாளே யாராவது இதை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்விகளில் பாதி வந்திருக்காது.

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டேன். மேஜர், அலைடு, தமிழ், ஆங்கிலம் எல்லாம் பாஸ். இ.வி.எஸ். மட்டும் அரியர். வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ப்ரொவிஷனல் சான்றிதழ் கிடைக்குமா?
– மாணவர், விழுப்புரம் மாவட்டம்

கிடைக்காது. பட்டத்துக்கு 140 கிரெடிட் என்றால் 140-ம் வேண்டும். 138 வைத்திருப்பவருக்கும் பட்டம் இல்லை. அந்த இரண்டு கிரெடிட்டை மேஜரில் வாங்கிய அதிக மதிப்பெண் ஈடுகட்டாது.

முதலில் மதிப்பெண் பட்டியலை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். இன்டர்னல் 18, எக்ஸ்டர்னல் 26, மொத்தம் 44, பக்கத்தில் ஆர்.ஏ. (மறுபடி எழுத வேண்டும்) என்று இருக்கிறதா? நாற்பதுக்கு மேல் வாங்கியும் ஏன் ஃபெயில் என்று பலர் குழம்புவது இங்கேதான். மொத்தத்தில் 40 எடுத்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் 75-க்கு 30 தனியாக எடுக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விதி. உங்கள் கணக்கு இதுதான் என்றால் இன்னும் நாலே மதிப்பெண் தூரம்தான்.

அடுத்து, கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு இன்றே நேரில் போங்கள். ஒரே ஒரு பேப்பர் பாக்கி வைத்திருக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் உடனடித் தேர்வு நடத்துகின்றன. உங்கள் பேப்பருக்கு அது பொருந்துமா, கடைசித் தேதி எது என்று அங்கே கேட்டால் தெரிந்துவிடும். நண்பர்களின் வாட்ஸ்அப் தகவலை நம்பி ஒரு வாரத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. அதில் களப்பணிக்கென்றே ஒரு அலகு உண்டு. பக்கத்து ஆற்றையோ குன்றையோ போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும், மாசுபட்ட ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும், ஊரில் உள்ள செடி, பூச்சி, பறவைகளை அடையாளம் காண வேண்டும். பல கல்லூரிகளில் இது கைட் புத்தகத்தைப் பார்த்து எழுதும் ரெக்கார்டாகச் சுருங்கிவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. உங்கள் மாவட்டத்துக் கழுவேலி 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலை நேரம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினால், ஈரநிலம் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு நீங்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் 50-ஐ ஒட்டித்தான் மதிப்பெண். இயற்பியலில் 78 சதவீதம். எனக்கு முதல் வகுப்பு கிடைக்குமா?
– மாணவி, திருவண்ணாமலை

கிடைக்கும். பார்ட் ஒன், பார்ட் டூ, பார்ட் த்ரீ மூன்றுக்கும் வகுப்பைத் தனித்தனியாகக் குறிப்பதுதான் இங்கே பரவலான வழக்கம். 60-க்கு மேல் முதல் வகுப்பு. எம்.எஸ்சி. சேர்க்கையில் பெரும்பாலும் பார்க்கப்படுவது பார்ட் த்ரீதான். ஆனால் மொழிப் பாடங்களில் இரண்டாம் வகுப்பு என்று அதே சான்றிதழில் அச்சாகியிருக்கும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ வரை தமிழ் படித்தேன். மார்க் அள்ளலாம் என்று பார்ட் ஒன்னுக்கு பிரெஞ்சு எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
– பி.காம். முதலாண்டு, கோயம்புத்தூர்

பிரெஞ்சு மேல் ஆசை இருந்தால் தாராளமாக எடுங்கள். புது மொழி ஒன்றை ஆசிரியர் வைத்துச் சொல்லித்தரும் வாய்ப்பு பிறகு எளிதில் அமையாது. மார்க்குக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டு பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுப்பவர்களுக்கு பார்ட் ஃபோரில் சிறப்புத் தமிழ் வந்து சேரும், ஆகவே தமிழை முழுதாக விட்டுவிடவும் முடியாது. அப்புறம், டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அங்கே தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம். அதைத் தாண்டாதவர்களின் மற்ற விடைத்தாள் மதிப்பீட்டுக்கே போகாது.

பார்ட் ஒன் தமிழ் படித்திருக்கிறேன். தமிழ்வழி இட ஒதுக்கீடு கேட்கலாமா?
– பட்டதாரி, தஞ்சாவூர்

கேட்க முடியாது. தமிழை ஒரு பாடமாகப் படிப்பது வேறு, எல்லாப் பாடங்களையும் தமிழில் படிப்பது வேறு. 20 சதவீத முன்னுரிமை இரண்டாவது வகையினருக்கு மட்டும்தான். 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

என்.எம்.இ.-க்கு நாலைந்து துறைகளின் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எது ஈசி?
– பி.காம். மாணவர், மதுரை

எது ஈசி என்று உங்கள் சீனியர்களிடம் கேட்டால் பதில் கிடைத்துவிடும். எது உங்களுக்கு ஆகும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். மூன்று வருடத்தில் உங்கள் துறைக்கு வெளியே ஒரு பாடத்தை நீங்களாகவே தேர்ந்தெடுக்கும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். இரண்டு செமஸ்டர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். சொந்தத் துறைப் பாடத்தை எடுக்க முடியாது என்று விதி வைத்ததே இதற்காகத்தான். வணிகவியல் மாணவர் இன்னொரு கணக்குப் பேப்பர் மாதிரியான ஒன்றைத் தேடிப் போய் உட்கார்ந்தால் கிடைத்த இடம் வீணாகிவிடும்.

பட்டியலில் வரலாற்றுத் துறை கல்வெட்டியலோ தொல்லியலோ வைத்திருந்தால், மதுரையில் இருக்கும் உங்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாங்குளம் குன்று இருக்கிறது. குகைத்தளத்தின் பாறையில் வெட்டிய தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டுகளில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. அதே இடத்தில் ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்றும் வருகிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. துறவிகளுக்கு அந்தக் குழு செய்த கொடையைச் சொல்லும் வரி அது. பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் படிக்கும் பிள்ளை, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் இதே வட்டாரத்தில் வணிகர்கள் ஒரு அமைப்பாகக் கூடிக் கொடை கொடுத்திருக்கிறார்கள் என்று கல்லிலேயே படித்தால், சொந்தத் துறையையே வேறு கண்ணால் பார்க்கும்.

அந்தப் பாடம் இல்லையென்றால் அரசியலமைப்பு, அதுவும் இல்லையென்றால் இதழியல். எதுவானாலும் விருப்பப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன் யார் பாடம் எடுக்கப் போகிறார் என்று விசாரித்துவிடுங்கள். இரண்டு கிரெடிட் பேப்பருக்குக்கூட ஊன்றித் தயாரித்து வரும் ஆசிரியர்கள் எல்லாக் கல்லூரியிலும் ஓரிருவராவது உண்டு.

மகள் இன்ஜினியரிங் முதலாண்டு. தமிழர் மரபு என்று ஒரு பேப்பர் வந்திருக்கிறது. இதையும் சீரியஸாகப் படிக்க வேண்டுமா?
– ஒரு தந்தை, சேலம்

ஆமாம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் தமிழர் மரபு, இரண்டாவதில் தமிழரும் தொழில்நுட்பமும், இரண்டுக்கும் தலா ஒரு கிரெடிட். பானைத் தொழில்நுட்பம், கட்டடக்கலை, உலோகத் தொழில், நீர் மேலாண்மை எல்லாம் வருகிறது. சிவில் படிக்கும் பிள்ளைக்கு ஏரி மதகு பற்றிய பாடம் வெளிப்பாடம் ஆகுமா?

மாலையில் கடையில் வேலை பார்க்கிறேன். பார்ட் ஃபைவுக்கு எதில் சேர்ந்தால் நேரம் மிச்சமாகும்?
– மாணவர், நாகர்கோவில்

என்.எஸ்.எஸ். என்றால் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். முகாம் வாரத்தில் கடைக்கு விடுப்பு சொல்ல வேண்டியிருக்கும், முன்பே பேசிவிடுங்கள். என்.சி.சி. இதைவிட நேரம் கேட்கும், பரேடும் உண்டு. ஆனால் ராணுவத்தில் அதிகாரியாகும் ஆசை இருந்தால் யோசிக்காமல் என்.சி.சி.-தான். ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியம்) நேர்காணலுக்குப் போகும் சிறப்பு வழி இருக்கிறது. இரண்டுக்கும் நேரமில்லை என்றால் விளையாட்டு, செஞ்சுருள் சங்கம் (ரெட் ரிப்பன் கிளப்) என்று வேறு வழிகளும் கல்லூரிகளில் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன் என்று திட்ட அலுவலரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் எம்.எஸ்.-க்கு விண்ணப்பிக்கிறேன். பார்ட் த்ரீ மதிப்பெண்களை மட்டும் அனுப்பினால் போதுமா?
– பி.எஸ்சி. கணினி அறிவியல், சென்னை

போதாது. எல்லா செமஸ்டரின் எல்லாப் பாடங்களும் டிரான்ஸ்கிரிப்டில் வர வேண்டும். பாடவாரி மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் தமிழ், ஆங்கிலம், இ.வி.எஸ். எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுத்தான் ஜி.பி.ஏ. கணக்கிடும். அங்கேயும் இளநிலைப் பட்டத்தில் பொதுக்கல்விப் பாடங்கள் கணிசமாக உண்டு, அதனால் உங்கள் மொழிப் பாடங்களை யாரும் விசித்திரமாகப் பார்க்கப் போவதில்லை. டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் செமஸ்டரிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலின் நகலையும் இணையுங்கள். அரியர் எழுதிப் பாஸ் செய்த பேப்பர் இருந்தால் அந்தப் பட்டியலையும் சேர்த்தே வையுங்கள், பெரும்பாலும் விடுபட்டுப்போவது அதுதான்.