நிறுவன வியூகமும் நிர்வாகமும்: நீலகிரி மாணவர்களின் கேள்விகள்

பட்டியலிட்ட தேயிலைக் கம்பெனிகளை ஆராய்கிறேன். ஏஜென்சி கோட்பாடு மட்டும் போதுமா? (எம்.பி.ஏ., குன்னூர்)

உரிமையாளரின் நலனும் அவருக்காக நிறுவனத்தை நடத்துபவரின் நலனும் மோதும் என்பது ஏஜென்சி கோட்பாடு. அதன் எந்த வடிவம் என்பதுதான் கேள்வி. ஜென்சனும் மெக்லிங்கும் 1976-இல் எழுதியது, பங்கு கையில் குறைந்துபோன மேலாளருக்கும் வெளிப் பங்குதாரருக்கும் உள்ள இழுபறியைப் பற்றி. இங்கே பெரும்பாலும் புரமோட்டர் குடும்பத்தின், அதாவது கம்பெனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் குடும்பத்தின், கைதான் ஓங்கியிருக்கும். நஷ்டப்படக்கூடியவர் சிறு பங்குதாரர்.

முதலில் பங்குடைமைப் பட்டியலைப் பாருங்கள். அடுத்து, ஆண்டறிக்கைக் குறிப்புகளில் தொடர்புடையோர் பரிவர்த்தனை, அதாவது புரமோட்டர் தரப்போடு கம்பெனி வைத்த கொடுக்கல் வாங்கல். எஸ்டேட் பங்களா யாரிடமிருந்து வாடகைக்கு வந்தது, கடன் யாருக்குப் போனது, தூளை வாங்கியது யார்? குன்னூர் ஏல விலையோடு ஒப்பிடலாம். ஆனால் ஒரே ரகம், ஒரே வாரமாக இருக்க வேண்டும். அறிக்கையில் பெரும்பாலும் மொத்தத் தொகைதான் இருக்கும். கிலோ கணக்கு கிடைக்காவிட்டால் ஒப்பீட்டில் இறங்காதீர்கள். தர வித்தியாசத்தைச் சுரண்டல் என்று எழுதிவிடுவீர்கள்.

சுயேச்சை இயக்குநர் விகிதத்துக்கும் லாபத்துக்கும் தொடர்பே வரவில்லையே? (ஆய்வு மாணவர், ஊட்டி)

வராததில் வியப்பில்லை. சுயேச்சை இயக்குநர் என்பவர் கம்பெனியோடும் புரமோட்டரோடும் பணத் தொடர்பு இல்லாத போர்டு உறுப்பினர். பட்டியலிட்ட கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு. தலைவர் நிர்வாகப் பொறுப்பிலோ புரமோட்டர் தரப்பிலோ இருந்தால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி பாதி. பலரும் அந்தக் கீழ்வரம்பை ஒட்டியே நிற்பார்கள். உங்கள் மாறி, அதாவது அந்த விகிதம், அளப்பது தலைவர் யார் என்பதைத்தான். கூட்ட வருகை, ஒருவரே எத்தனை போர்டுகளில் உட்கார்ந்திருக்கிறார் என்பவை ஓரளவு உதவும்.

ஸ்டூவர்ட்ஷிப் கோட்பாட்டையும் சேர்க்கலாமா?

மேலாளர் தானாகவே நிறுவனத்தின் நலனைக் காப்பார் என்பது ஸ்டூவர்ட்ஷிப். அதுவும் ஏஜென்சியும் எதிரெதிராகக் கணிக்கும் இடத்தில் மட்டும் சேருங்கள். தலைவரும் தலைமை நிர்வாகியும் ஒருவரே என்பது நல்ல களம். மற்றபடி அது பக்கம் நிரப்பும் வேலை.

பல தொழில்களில் இறங்குவதை எப்படி அளப்பது? (கோத்தகிரி)

விற்பனை எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் என்ட்ரோபி அளவீடு. ஒவ்வொரு பிரிவின் விற்பனைப் பங்கையும் அதன் தலைகீழியின் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். தேயிலை 60%, ஹோட்டல் 30%, மின்சாரம் 10% என்றால் 0.31 + 0.36 + 0.23, ஏறத்தாழ 0.90. கோளாறு தரவில்தான் வரும். வருவாய், லாபம், சொத்து எதிலும் 10% எட்டாத பிரிவைத் தனியாகக் காட்டக் கட்டாயமில்லை. 'இதர' என்ற வரியில் ஒளிந்துகொள்ளும். ஒரே ஆண்டில் பிரிவுகளை மாற்றி அடுக்கியிருந்தால், வியூகம் மாறாமலேயே எண் குதிக்கும்.

சிறு விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனி சொந்த ஆலை கட்டுவதை எந்தக் கோட்பாட்டால் விளக்குவது? (கூடலூர்)

வில்லியம்சனின் பரிவர்த்தனைச் செலவுக் கோட்பாட்டில் தொடங்குங்கள். வெளியாரோடு பேரம் பேசும் செலவும் ஆபத்தும் மிகும்போது அந்த வேலையை நிறுவனம் தானே செய்துகொள்ளும் என்பது அது. பறித்த கொழுந்து சூடேறிக் கெடுவதற்குள், அன்றைக்கே ஆலை சேர வேண்டும். எட்டும் தூரத்தில் ஒரே பாட்லீஃப் ஆலை (விவசாயிகளிடம் கொழுந்தை விலைக்கு வாங்கும் ஆலை) என்றால் விலை அவர்கள் சொன்னதுதான். சொந்த ஆலைக்கு வாதம் உண்டு. நாலைந்து ஆலைகள் போட்டி போட்டால் அந்த வாதம் நீர்த்துவிடும். ஆகவே ஆலைகளின் தூரத்தை வரைபடத்தில் குறித்த பிறகே கருதுகோள் எழுதுங்கள்.

நிர்வாகப் பகுதி வேறு. தனிநபர் உறுப்பினர்கள் மட்டும் இருந்தால், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். இயக்குநர்கள் 5 முதல் 15 வரை. புரமோட்டர் ஆதிக்கத்தை இங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெளியே கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடினால் உறுப்பினரே கொழுந்தை அங்கே கொண்டுபோவார், சொந்த ஆலை பாதித் திறனில் ஓடும். உறுப்பினர்வாரியான மாதாந்திரக் கொழுந்து வரவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.