முதியோர் இல்ல ஊழியர்களுக்கு, விழுவதைத் தடுக்கவும் விழுந்தால் கவனிக்கவும் எப்படிப் பயிற்சி தருவது?

வருடத்துக்கு ஒருமுறை வகுப்பு எடுத்தும் விழுபவர்கள் குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பை முதியவர் தங்கும் அறைக்குள் கொண்டுபோங்கள். ஓர் ஊழியர் கட்டிலில் படுத்து, இரவு விளக்கில் எழுந்து கழிப்பறை வரை போகட்டும். அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா? விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிகிறதா? வீல்சேர் பிரேக் பிடிக்கிறதா?

கழிப்பறை அவசரத்தில் எழுந்து விழுபவர்கள் நிறைய. மறதி நோய் உள்ளவர் மணி அடிப்பார் என்று காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின், தூங்கும் முன், நீர் பிரிய மாத்திரை கொடுத்த பின் நாமே போய்க் கேட்க வேண்டும். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போட்டுவிட்டால் போதும் என்பது தவறு. அதைத் தாண்ட முயன்று இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள்.

எழும்போது பிரஷர் இறங்கி விழுபவர்களும் உண்டு. அதனால் பிரஷர் பார்க்கும்போது 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள்.

விழுந்த பிறகு நடக்கும் பெரிய தவறு, பதறிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது. இடுப்பெலும்பு முறிந்திருந்தால் முறிந்த எலும்பு இடம் விலகிவிடலாம். சரியான முறையைத் தரையில் ஒருவரைப் படுக்கவைத்து, இரவுப் பணியாளர்களோடும் ஒத்திகை பாருங்கள். முதலில் நினைவும் மூச்சும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, தலைக்காயம். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவு என்றே எண்ணுங்கள். இந்த வலி, மரத்துப்போவது, காயம், முறிவு அறிகுறிகளில் எது இருந்தாலும் அசைக்காமல் போர்வை போர்த்தி ஆம்புலன்ஸை அழையுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் சுகரும் பாருங்கள்.

அடி எதுவும் இல்லையென்றால் அவரே எழட்டும்: பக்கவாட்டில் புரண்டு, மண்டியிட்டு, முன்னால் வைத்த நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முதலில் ஊன்றி. முடியாதவருக்குத் தூக்கும் கருவிதான்.

யாரும் பார்க்காமல் விழுந்தவரைத் தலையில் அடிபட்டவராகவே கருத வேண்டும். முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவு, பேச்சு, கண்பாவை, கைப்பிடி வலு, பிரஷர் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவரைக் கேளுங்கள். மூளையைச் சுற்றிக் கசியும் ரத்தம் சில நேரம் மெதுவாகத்தான் அறிகுறி காட்டும்.

அதே ஷிப்டில் எல்லோரும் கூடி, "எங்கே போகக் கிளம்பினீங்க?" என்று விழுந்தவரிடமே கேளுங்கள். பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் நேரம், காலணி, வெளிச்சம், கடைசி மாத்திரை, கடைசியாகக் கழிப்பறை போன நேரம் இவற்றை எழுதச் சொல்லுங்கள்.