ஜானி வில்கின்சன்: ஒரு ரக்பி ஆட்டக்காரரின் 17 வருடம்

தொழில்முறை ரக்பி யூனியன் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையை முழுசாகப் பேசலாம் என்று சொன்னதும் அதிகம் பேர் கேட்ட பெயர் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன். எனக்கும் அதில் சந்தோஷம்தான். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ரக்பி பார்த்ததே இல்லை. இவர் அணியில் என்ன வேலை செய்தார்?

பக்கத்துக்கு 15 பேர் ஆடும் ஆட்டம். இவர் போட்டது 10-ஆம் எண், ஃப்ளை ஹாஃப் என்பார்கள். பந்துக்காக இரு அணியினரும் மோதி விழும் குவியலிலிருந்து பந்து வெளியே வந்ததும் பெரும்பாலும் இவர் கைக்குத்தான் வரும். பாஸா, உதையா, ஓட்டமா என்பதை அந்த நொடியில் முடிவு செய்பவர் இவர். அணிக்காகக் கோல் உதைப்பதும் இவர் பொறுப்பு. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து வரும் உதைக்கு 2, பெனால்டி உதைக்கு 3. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் விட்டு, அது எழும் கணத்தில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் டிராப் கோல், அதற்கும் 3. கடைசியாகச் சொன்னதை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

பிளஸ் டூ படிக்கிறேன் அண்ணா. அவர் காலேஜ் போகாமல் நேராக ஆடப் போய்விட்டாரா?

ஆமாம் தம்பி. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு 1997-இல் நியூகாசில் ஃபால்கன்ஸ் கிளப்பில் சேர்ந்தார். அவர் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்த ஸ்டீவ் பேட்ஸ் அதற்கு முன்பே அந்த கிளப்புக்குப் போயிருந்தார். இங்கிலாந்தின் முன்னாள் ஃப்ளை ஹாஃப் ராப் ஆண்ட்ரூவும் அங்கேதான்.

ஆனால் அந்தக் காலத்தையும் பார்க்க வேண்டும். ரக்பி யூனியனில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அனுமதித்ததே 1995 ஆகஸ்டில்தான். அதற்கு முன் நாட்டுக்காக ஆடியவர்களும் வேறு வேலை பார்த்துத்தான் பிழைத்தார்கள். ஆக, வில்கின்சன் சேர்ந்தபோது அந்தத் தொழிலுக்கே வயது இரண்டு. பத்து வருடம் ஆடி ஓய்வு பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் என்று யோசனை கேட்க ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. பின்னால் அவர் உடம்பு பட்ட பாட்டை இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். படிப்பை விடலாமா என்று கேட்கிறாய் என்றால், என் பதில் வேண்டாம். இன்று இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது.

ஆரம்பத்திலேயே பெரிய ஆளா?

இல்லை. 1998 ஏப்ரலில், 18 வயதில், அயர்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். இரண்டே மாதத்தில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவிடம் 76-0 என்று இங்கிலாந்து தோற்றது. அன்று 10-ஆம் எண் சட்டை அவருடையது. 1999 உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவின் யானி டி பீர் ஒரே ஆட்டத்தில் ஐந்து டிராப் கோல் அடித்து இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார். இவர் அன்று பெஞ்சில் இருந்து ஆட்டத்தைத் தொடங்கியவர்.

2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இடது கால் ஆட்டக்காரர் அந்தக் கடைசி உதையை ஏன் வலது காலால் அடித்தார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சிட்னி, நவம்பர் 22, எதிரே ஆஸ்திரேலியா. கூடுதல் நேரம், 17-17. இங்கிலாந்துக்கு லைன் அவுட், அதாவது பந்து ஓரக்கோட்டுக்கு வெளியே போனதும் இரு அணியும் வரிசையாக நிற்க உள்ளே எறிவது. ஸ்டீவ் தாம்சன் வரிசையின் கடைசிக்குப் பந்தை எறிகிறார். தவறினால் ஆட்டமே போய்விடும் எறி அது. லூயிஸ் மூடி பிடித்துவிட்டார். அப்புறம் குவியலிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் மேட் டாசன் கிடைத்த இடைவெளியில் நுழைந்து ஓடி, குவியலுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறார். இங்கேதான் கேப்டன் மார்ட்டின் ஜான்சனின் மூளையைப் பார்க்க வேண்டும். வில்கின்சனுக்குச் சரியான பாஸ் கொடுக்க டாசன் எழுந்து வர வேண்டும். அதற்கு நேரம் வாங்க, பந்தைத் தானே எடுத்துக்கொண்டு எதிரிகள் மேல் ஒருமுறை மோதி விழுந்தார். டாசன் எழுந்தார், பாஸ் வந்தது, வில்கின்சன் உதைத்தார். மீதி இருந்தது 26 நொடி.

ஆஸ்திரேலியர்கள் மறிக்க ஓடி வருகிறார்கள். இடது காலுக்கு உடம்பைத் திருப்ப அவகாசம் இல்லை. வலது காலையும் வருடக்கணக்கில் பழக்கி வைத்திருந்ததால் அந்தக் காலால் உதைப்பதும் அவருக்குக் கைவசம் இருந்தது. அதே ஆட்டத்தில் அதற்கு முன் அவர் முயன்ற டிராப் கோல்கள் தவறியிருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு அந்த உதையைவிட, தவறியவற்றுக்குப் பிறகும் பந்தை எனக்குக் கொடு என்று அங்கே வந்து நின்றதுதான் பெரிசு.

உதைக்கும் முன் கையைக் கோத்துக்கொண்டு குனிந்து நிற்பாரே, பிரார்த்தனையா?

இல்லை, கவனத்தைக் குவிக்கும் முறை. உதைப் பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட்டோடு சேர்ந்து ஒரு கற்பனையும் வைத்திருந்தார்: கம்பங்களுக்குப் பின்னால் கேலரியில் டோரிஸ் என்றொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பந்து அவள் மடியில் போய் விழ வேண்டும். கம்பங்களுக்கு நடுவே எங்காவது என்று பார்ப்பதைவிடக் குறி இப்படிச் சின்னதாகிவிடுகிறது.

உலகக் கோப்பைக்குப் பிறகு ஆளே காணாமல் போனாரே?

24 வயதில் உலகத்தின் உச்சி. அதன்பின் இங்கிலாந்துக்காக மறுபடி ஆட 1,169 நாள் ஆனது. கழுத்து நரம்புக்கு அறுவை சிகிச்சை, கைத்தசையில் ரத்தக்கட்டு, முழங்கால் தசைநார், குடல்வால், சிறுநீரகக் காயம் என்று ஒன்று மாற்றி ஒன்று. நடுவே 2005-இல் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணியோடு நியூசிலாந்து போனார், அவ்வளவுதான். தன் இடத்தில் ஆடும் மற்றவர்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும் மோதல்களில் இவர் தோளைக் கொடுத்து இறங்குவார். ரசிகர்கள் கொண்டாடினோம், கழுத்தும் தோளும் விலை கொடுத்தன.

2007 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராகத் திரும்பிய அன்று 27 புள்ளி. அந்த வருடமே மறுபடி உலகக் கோப்பை இறுதிப் போட்டி, இம்முறை தென்னாப்பிரிக்காவிடம் 15-6 தோல்வி.

மனரீதியாகவும் கஷ்டப்பட்டார் என்கிறார்களே?

அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பதற்றம், மனச்சோர்வு, கோப்பை வென்ற பிறகும் வந்த வெறுமை எல்லாவற்றையும். ஆண்கள் இதைப் பேசவே கூசும் ஒரு விளையாட்டில் அவர் பேசியதை அந்த டிராப் கோலுக்குச் சமமாக மதிக்கிறேன்.

கண்டியிலிருந்து எழுதுகிறேன். மகன் பாடசாலை அணிக்கு உதைக்கிறான். வில்கின்சன் மாதிரி மணிக்கணக்காகப் பயிற்சி எடுக்கிறான். சரியா?

அக்கா, உங்கள் ஊருக்கு ரக்பியை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ட்ரினிட்டி, ரோயல் பாடசாலைகள் மோதும் பிரட்பி கேடயம் உங்கள் வாசலில் நடப்பது. ஆனால் பயிற்சி விஷயத்தில் ஒன்று சொல்வேன். வளரும் பையனின் தொடை இடுக்கும் இடுப்பும் அத்தனை உதையைத் தாங்காது. உதையின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள், வலி என்றால் அன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வெறி தன்னை எவ்வளவு வாட்டியது என்பதை வில்கின்சனே பின்னால் சொன்னார்.

நல்ல வருமானமா?

உச்சியில் இருப்பவர்களுக்கு. இங்கிலாந்து கிளப்புகளின் நிலை அவ்வளவு உறுதி இல்லை. 2022-இல் உஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023-இல் லண்டன் ஐரிஷும் கடனில் மூழ்கி லீக்கை விட்டே போயின. ஒப்பந்தம் கையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

உடம்புக் கணக்கு இன்னும் கனமானது. மேலே சொன்ன லைன் அவுட்டை எறிந்த ஸ்டீவ் தாம்சனுக்கு நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதி நோய் இருப்பது தெரிந்தது. அந்த உலகக் கோப்பையை வென்றது தனக்கு நினைவில் இல்லை என்று 2020-இல் சொன்னார். தலையில் அடிபட்டால் வெளியே வா என்ற விதி இன்று கடுமையாக இருப்பதை ஆட்டத்தின் வேகம் கெடுகிறது என்று குறை சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சாதனைகள்?

இங்கிலாந்துக்கு 91 ஆட்டம், 1,179 புள்ளி. இங்கிலாந்துக்காக அதிகப் புள்ளி என்ற அந்தச் சாதனையை 2023-இல் ஓவன் ஃபாரெல் கடந்தார். உலகக் கோப்பைகளில் எடுத்த 277 புள்ளியை யாரும் தாண்டவில்லை.

புதிதாகப் பார்ப்பவன் நான். அவருடைய எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

எல்லோரும் 2003 என்பார்கள். நான் 2014 மே மாதம் என்பேன். 2009-இல் பிரான்சின் டூலோன் கிளப்புக்குப் போனபோது ஆள் முடிந்துபோனார் என்று பேசியவர்கள் நிறைய. அங்கே 2013-இல் ஐரோப்பியக் கோப்பை. 2014 மே 24-இல் இங்கிலாந்து கிளப்பான சாரசன்ஸை 23-6 என்று வென்று மறுபடி அதே கோப்பை. மறுநாள் அவருக்கு 35 வயது. ஒரு வாரம் கழித்துக் காஸ்த்ர் அணியை 18-10 என்று வென்று பிரெஞ்சு லீக் பட்டமும் வந்தது, அதுதான் கடைசி ஆட்டம். சாரசன்ஸ் ஆட்டத்திலும் ஒரு டிராப் கோல் உண்டு, அதுவும் வலது காலால். முதலில் அதைப் பாருங்கள், பிறகு சிட்னிக்குப் போங்கள்.