லண்டன் குசினிக்கு மூங்கில் வேர்க்டொப் சரிவருமா?

தங்கச்சி, புது வீட்டுக் குசினிக்கு மூங்கில் வேர்க்டொப் (கபேட்டுக்கு மேலே வருகிற மேடைப் பலகை) போட்டால் எங்கட சமையலுக்குத் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பிடிக்கும். ஆனால் சிங்க் இருக்கிற பக்கத்துக்குப் போடாதேங்கோ.

மூங்கில் உள்ளே வெறும் குழாய். அதைக் கீறி, அவித்து, காயவைத்து, சீவி, கீலம் கீலமாகப் பசை வைத்து அழுத்தித்தான் பலகை ஆக்குகிறார்கள். சிங்குக்காக வெட்டின விளிம்பில் தண்ணீர் நின்றால் முதலில் கறுக்கும், பிறகு ஒட்டு விடும். நாங்கள் மீன் கழுவி, அரிசி களைந்து, பெரிய பானையெல்லாம் தேய்க்கிற ஆட்கள். அந்த விளிம்பு காய நேரமே கிடைக்காது. அந்தப் பக்கம் கிரனைட் போடுங்கோ, காசு இறுக்கமென்றால் லமினேட் (மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டின பலகை). மா குழைக்கிற, மரக்கறி வெட்டுகிற பக்கத்துக்கு மூங்கில் அருமையான சாமான். வெட்டுப்பலகை வைத்துத்தான் வெட்ட வேணும்.

கடையில் கடும் தேன் நிறத்திலும் காட்டுவார்கள். அது நீராவியில் வேகவைத்து எடுத்த நிறம், பலகை கொஞ்சம் மெதுமையாகிவிடும். வெளிர் நிறத்தையே எடுங்கோ. பசையிலிருந்து வெளிவருகிற ஃபோமல்டிஹைட் என்ற நச்சு வாயுவின் அளவு 'ஈ1' என்ற ஐரோப்பியத் தரத்துக்குள் இருக்கா என்றும் கேளுங்கோ.

பராமரிப்புத்தான் பெரிய விஷயம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் பூசாதேங்கோ. உலராமல் கிடந்து காறல் மணம் வரும். டேனிஷ் ஒயில் என்று மரத்துக்குப் பூசுகிற, காய்ந்து இறுகுகிற எண்ணெய் வாங்கி மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துணியால் துடைத்து, காயவிட்டுத் திரும்பப் பூசுங்கோ. பிறகு இடைக்கிடை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கோ. முத்துப்போல நின்றால் சரி. பரவி உள்ளே இறங்கி நிறம் கறுத்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. ஒயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதேங்கோ, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு எறியுங்கோ.

மஞ்சள் கறைக்குப் பயப்பட வேண்டாம், யன்னல் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும். சுடுதாச்சியைத்தான் நேரே வைக்கக்கூடாது. மேலோட்டமாகக் கருகினால் மட்டத்தாள் (சாண்ட் பேப்பர்) போட்டுத் தேய்த்து ஒயில் பூசலாம். லமினேட்டில் அந்த வசதி கிடையாது, எனக்கு மூங்கில் பிடித்ததே அதனால்தான்.

பொருத்த வருகிறவரிடம் முதலே சொல்லுங்கோ: மாரியில் ஹீற்றர் ஓடும்போது பலகை சுருங்கும், கோடையில் விரியும். ஆகவே சுவரோடு முட்டவைக்காமல் சில மில்லிமீற்றர் இடைவெளி விடவேணும், பலகை அசைய இடம் இருக்கிறமாதிரி ஆணி இறுக்குகிற ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்ட ஓட்டையாக இருக்கவேணும். கீழே டிஷ்வொஷர் வருமென்றால், பலகையின் அடியில் ஆவி தடுக்கிற அலுமினியத் தாள் ஒட்டச் சொல்லுங்கோ.